சுரங்கச் சிறுவர் அமைச்சரான வரலாறு

பெரியோர் வரலாறு எனின், முடிபுனைந்த மன்னர், போர்வென்ற தானைத் தலைவர், நூலியற்றிய புலவர் ஆகியோர் வரலாறே நம் நினைவிற்கு முதற்கண் வருகின்றது. அவை கற்றற்குரியனவே. ஆயினும், கூலிவேலையாற் பிழைக்கும் குடியிற் பிறந்து, பள்ளியிற் சில ஆண்டுகளே பயின்று, நிலத்தின் கீழ் இருளில் உழைத்து, பின்னர் ஒரு பெருநாட்டின் அமைச்சவையில் வீற்றிருந்த ஒருவரின் வரலாறும் நாம் அறியத் தக்கதேயாம். அவர்தாம் வில்லியம் பி. வில்ஸன் என்பார், அமெரிக்க ஐக்கிய நாட்டின் முதல் தொழிலாளர் அமைச்சர்.

தாழ்ந்த நிலையினின்று உயர்ந்தவர் உலகிற் பலர். உயர்ந்தபின் தாம் முன்னர்ப் பட்ட துன்பத்தை மறவாதார் சிலரே. வில்ஸன் இளமையிற் பட்ட துன்பங்களுள் தலையாயது, குடியிருந்த வீட்டினின்று துரத்தப்பட்டமையாகும். வீடிழந்தாரை அவர் பிற்காலத்தே பன்முறை எதிர்ப்பட நேர்ந்தது. இறுதியில், பிறரை நாட்டினின்றே துரத்தும் ஆணையிற் கையொப்பமிடும் அதிகாரமும் அவர் கைக்கு வந்தது. அப்பொழுது அவர் யாது செய்தார் என்பதே இவ்வரலாற்றின் உயிர்நிலை.

பிறப்பும் குடிபெயர்வும்

ஸ்காட்லாந்து நாட்டில் பிளாண்டையர் என்னும் ஊரில் 1862-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 2-ஆம் நாள் வில்ஸன் பிறந்தார். தந்தையார் ஆதாம் வில்ஸன் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. அக்காலத்தே சுரங்கத் தொழிலாளர் குடியிருந்த வீடுகள் பெரும்பாலும் முதலாளிக்கே உரியன. வேலை உள்ளவரையே வீடு. வேலை நிறுத்தினால் வீடும் இல்லை. 1868-ஆம் ஆண்டில் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தபொழுது, ஆதாமின் குடும்பம் வீட்டினின்று வெளியேற்றப்பட்டது. வில்லியத்திற்கு அப்பொழுது அகவை ஆறு. தட்டுமுட்டுப் பொருள்கள் தெருவிற் கிடக்க, பெற்றோர் செய்வதறியாது நிற்கும் காட்சியை ஆறு வயதுப் பிள்ளை எங்ஙனம் மறக்கவியலும்?

தந்தையார் பல இடங்களில் வேலை தேடி அலைந்து, முடிவில் கடல் கடந்து அமெரிக்கா சென்றார். பென்ஸில்வேனியா மாகாணத்திலே ஆர்னாட் என்னும் சுரங்க ஊரில் 1870-ஆம் ஆண்டு குடும்பம் நிலைபெற்றது. அடுத்த ஆண்டே சிறுவர் வில்லியம் பள்ளியை விட்டுச் சுரங்கத்துட் புகுந்தார். அப்பொழுது ஒன்பதாம் அகவை நடந்துகொண்டிருந்தது. பலகையும் புத்தகமும் ஏந்த வேண்டிய கைகள் கரியும் தூசியும் படிந்தன. எனினும் அவர் கல்வியைக் கைவிட்டாரல்லர். பகலெல்லாம் சுரங்கத்தில் உழைத்து, இரவில் விளக்கொளியில் தாமே பயின்றார். அவர்தம் அறிவெல்லாம் இங்ஙனம் தேடிக்கொண்டதே.

சங்கப் பணி

சிறுவராயிருந்தபொழுதே அவர் தொழிலாளர் சங்கத்திற் சேர்ந்தார். பதினான்காம் அகவையளவில் ஊர்ச் சங்கத்தின் செயலாளர் வேலை அவரிடம் வந்தது. எழுதவும் கணக்கு வைக்கவும் வல்லார் அரியராயிருந்த இடத்தில், தாமே கற்ற அப்பிள்ளை பெரியோர்க்குத் துணையாயினார். சங்கத்தில் முன்னின்றாரைச் சுரங்க முதலாளிகள் எளிதில் விட்டாரல்லர். அத்தகையோர் பெயரைப் பட்டியில் எழுதி வைத்து, எங்குச் சென்றாலும் வேலை கிடையாதவாறு செய்தல் அந்நாளைய வழக்கம். வில்ஸன் பெயரும் அப்பட்டியில் ஏறியது. ஆர்னாட்டில் வேலை இழந்த அவர் மேற்றிசை சென்று, புகைவண்டிப் பொறியில் தீமூட்டும் வேலை முதலியன செய்து, மீண்டும் ஊர் திரும்பினார். 1883-இல் ஆக்னஸ் வில்லியம்ஸன் என்னும் பெண்மணியை மணந்தார். மக்கள் பலர் பிறந்தனர். வேலைக்கு உறுதியில்லை, குடும்பமோ பெரிது. இந்நிலையில் சங்கத்தை விட்டொழிப்பாரே பலர். அவர் விட்டாரல்லர்.

அமெரிக்கச் சுரங்கத் தொழிலாளர் ஐக்கியச் சங்கம் 1890-ஆம் ஆண்டில் தோன்றியது. அதனை நிறுவியவர்களுள் வில்ஸனும் ஒருவர். 1900-ஆம் ஆண்டு முதல் 1908-ஆம் ஆண்டு வரை அதன் செயலாளரும் பொருளாளருமாக அவர் விளங்கினார். தலைவராயிருந்தவர் ஜான் மிட்செல்.

அதற்குச் சற்று முன்னர், 1899-ஆம் ஆண்டில், ஆர்னாட்டில் ஒரு நெடிய வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. மாதங்கள் பல சென்றன, தொழிலாளர் மனந்தளர்ந்தனர். அப்பொழுது மதர் ஜோன்ஸ் எனப் பலராலும் அழைக்கப்பட்ட முதியவர், அயர்லாந்திற் பிறந்த மேரி ஜோன்ஸ் அம்மையார், அவ்வூர் வந்தார். தொழிலாளர் மனைவியரைத் திரட்டித் துடைப்பமும் தகரத் தட்டும் கையிலேந்தச் செய்து சுரங்க வாயிலுக்கு அனுப்பினார். பெண்கள் எழுப்பிய பேரொலியில் கரி இழுக்கும் கோவேறு கழுதைகள் மிரண்டோடின. சங்கத்தை மீறி வேலைக்கு வந்தாரும் திரும்பினர். ஆடவர் தளர்ந்த இடத்தில் பெண்டிர் நிலைநின்றமை நம் இல்லத்துத் தாய்மார்க்கு வியப்பளியாது; அஃது அவர்கள் நாளும் செய்வதே.

அவ்வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர் பலர் வீடிழந்தனர். பிளாண்டையரில் முப்பது ஆண்டுகட்கு முன் நிகழ்ந்ததே மீண்டும் நிகழ்ந்தது. வேற்றுமை யாதெனின், அன்று வீதியில் நின்ற பிள்ளைக்கு இன்று பிளாஸ்பர்க் என்னும் ஊரின் அருகே ஒரு சிறு பண்ணை இருந்தது. அப்பண்ணையை அவர் வீடிழந்தார்க்குத் திறந்துவிட்டார். பண்ணையின்மேல் அடமானக் கடன் இருந்ததென்றும், அக்கடனைத் தீர்த்து மேலும் பொருள் தருவதாக ஆசை காட்டினாரை அவர் வாயிலினின்றே திருப்பியனுப்பினாரென்றும் ஜோன்ஸ் அம்மையார் தம் வரலாற்று நூலிற் குறித்துள்ளார். கடன்பட்டார் நெஞ்சின் கலக்கம் நாம் அறிந்ததே. அக்கலக்கத்திடையும் நண்பரைக் காட்டிக்கொடாமை எளிதன்று.

1902-ஆம் ஆண்டில் பென்ஸில்வேனியாவின் கடுங்கரிச் சுரங்கங்களில் ஏறத்தாழ 1,40,000 தொழிலாளர் ஐந்து மாதங்களுக்கு மேல் வேலைநிறுத்தஞ் செய்தனர். குளிர்காலம் நெருங்கியது, நகரங்களில் கரியின்றி மக்கள் அஞ்சினர். நாட்டுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் இடைபுகுந்து ஒரு விசாரணைக் குழு அமைத்தார். கூலி நூற்றுக்குப் பத்து உயர்ந்தது. பலர்க்கு வேலைநேரம் ஒன்பது மணியாகக் குறைந்தது. பிற சுரங்கத் தொழிலாளர் தம் கூலியிற் கொடுத்த காசு அத்தனை குடும்பங்கட்கும் உணவாகச் செல்ல வேண்டியிருந்தது. அப்பணத்திற்குக் கணக்குக் காத்தவர் வில்ஸன். பொதுப்பணத்தை ஆள்வார்க்குக் கை தூய்மையாயிருத்தலே முதற் கல்வி. சங்கம் நடத்தும் நம்மனோர் இதனை நெஞ்சிற் பதித்தல் நலம்.

பேரவையிலும் அமைச்சவையிலும்

1906-ஆம் ஆண்டுத் தேர்தலில் வில்ஸன் வெற்றிபெற்று, 1907 முதல் 1913 வரை மூன்று முறை அமெரிக்கப் பேரவையின் உறுப்பினராயிருந்தார். 1911-இல் தொழிலாளர் குழுவின் தலைமை அவர்க்குக் கிடைத்தது. சுரங்க விபத்துகளைத் தடுக்க ஆராயும் அலுவலகம் 1910-இல் நிறுவப்பட்டது. அரசாங்க ஒப்பந்த வேலைகளில் எட்டுமணி நேரச் சட்டம் 1912-இல் நிறைவேறியது. இவற்றிற்காக அவர் உழைத்தார். தொழிலாளர்க்கெனத் தனித்துறை ஒன்று வேண்டும் என்னும் சட்டத்தையும் அவரே முன்னின்று நடத்தினார். 1912-ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் தோல்வியுற்றார். ஆயினும் அச்சட்டம் தோற்கவில்லை. 1913-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 4-ஆம் நாள், பதவி நீங்கும் தலைவர் டாஃப்ட் தம் கடைசி நாளன்று அதிற் கையொப்பமிட்டார். புதிய தலைவர் உட்ரோ வில்ஸன் அத்துறைக்கு அமைச்சராக வில்லியம் வில்ஸனையே தெரிந்தெடுத்தார். இருவர் பெயரும் ஒன்றாயினும் உறவினரல்லர்.

புதிய துறையில் நான்கு அலுவலகங்கள் அமைந்தன. ஒன்று தொழில் பற்றிய கணக்கு எடுப்பது. ஒன்று குழந்தைகள் நலம் பேணுவது. ஏனைய இரண்டும், அந்நிய நாட்டினின்று குடிபுகுவோரை ஆராய்வதும் அவர்க்குக் குடியுரிமை வழங்குவதும் ஆம். ஒன்பதாம் அகவையிற் சுரங்கம் புக்கவர் குழந்தைகள் அலுவலகத்திற்கும், எட்டாம் அகவையிற் கப்பலில் வந்திறங்கியவர் குடிபுகுவோர் அலுவலகத்திற்கும் தலைவரானது காண்க.

பதினாறு வயதிற்குட்பட்டோரைச் சுரங்கத்திலும், பதினான்கு வயதிற்குட்பட்டோரை ஆலையிலும் உழைக்க வைத்து எடுத்த பொருளை ஒரு மாகாணத்தினின்று மற்றொன்றிற்கு அனுப்பலாகாது என்னும் சட்டம் 1916-இல் பிறந்தது. அதனை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு வில்ஸன் துறையின் குழந்தைகள் அலுவலகத்தைச் சார்ந்தது. ஆனால் 1918-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் உயர்ந்த நீதிமன்றம் அச்சட்டம் செல்லாது எனத் தீர்த்தது. குழந்தைத் தொழிலைத் தடுக்கும் நிலைத்த சட்டம் அந்நாட்டில் 1938-இலேதான் வந்தது. அதனைக் காண வில்ஸன் உயிரோடிருக்கவில்லை.

முதலாளி தொழிலாளர் வழக்குகளில் இடைநின்று உடன்பாடு காணும் அதிகாரத்தையும் சட்டம் அமைச்சர்க்கு வழங்கியது. ஆனால் அழைக்கும் அதிகாரம் உண்டேயன்றி, வரச் செய்யும் அதிகாரம் இல்லை. இதன் துயரம் கொலராடோ மாகாணத்திற் புலப்பட்டது. 1913-இல் அங்கு வேலைநிறுத்தஞ் செய்த சுரங்கத் தொழிலாளர் கம்பெனி வீடுகளினின்று வெளியேற்றப்பட்டுக் கூடாரங்களில் வாழ்ந்தனர். வில்ஸன் தூதரை அனுப்பியும், கம்பெனியார் சங்கத்தாருடன் பேச உடன்படவில்லை. 1914-ஆம் ஆண்டு ஏப்ரல் 20-ஆம் நாள் லட்லோ என்னுமிடத்துக் கூடாரங்கள் படைவீரரால் தாக்கப்பட்டு எரிந்தன. குழியிற் பதுங்கிய இரண்டு பெண்களும் பதினொரு குழந்தைகளும் மாண்டனர். அமைச்சர் நாற்காலியும் சில இடங்களில் வெறும் நாற்காலியே என்பதை அவர் அன்று அறிந்திருத்தல் வேண்டும்.

மூன்று ஆண்டுகள் கழிந்து, உலகப் போரின் நடுவே, 1917-ஆம் ஆண்டு ஜூலை 12-ஆம் நாள் அரிஸோனா மாகாணத்துப் பிஸ்பி என்னும் ஊரில் மற்றொரு கொடுமை நிகழ்ந்தது. வேலைநிறுத்தஞ் செய்த செம்புச் சுரங்கத் தொழிலாளர் முதலியோர் ஏறத்தாழ 1,200 பேரை ஆயுதமேந்திய கூட்டத்தார் வளைத்து, கால்நடை ஏற்றும் வண்டிகளில் அடைத்து, நியூ மெக்ஸிகோ மாகாணத்துப் பாலைவெளியில் இறக்கிவிட்டனர். நாட்டுத் தலைவர் ஒரு விசாரணைக் குழுவை அமைத்து வில்ஸனை அதன் தலைவராக்கினார். பின்னாளில் உயர்ந்த நீதிமன்ற நீதிபதியாகிய ஃபீலிக்ஸ் ஃபிராங்க்பர்ட்டர் அதன் செயலாளர். அவரும் பிள்ளைமையிற் கடல்கடந்து வந்தவரே. அவ்வெளியேற்றம் சட்டத்திற்கு முற்றும் புறம்பானது எனக் குழு அஞ்சாது எழுதியது. போர்க்காலத்தில் தொழிலாளர்க்குப் பரிந்து பேசுவாரை நாட்டுப்பற்றற்றவர் என இகழும் வழக்கம் மிகுந்திருந்தது. அக்காலத்தே இங்ஙனம் எழுதுதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

1919-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு முதன்முதலாக வாஷிங்டனிற் கூடியது. அதற்கு வில்ஸனே தலைமை வகித்தார். இந்தியத் தொழிலாளர் சார்பில் என். எம். ஜோஷி அங்கு வந்திருந்தார். 1918-இல் சென்னைத் தொழிற்சங்கம் தோன்ற முன்னின்ற வாடியாவும் உடன் சென்றிருந்தார். வாரத்திற்கு 48 மணி நேரமே வேலை என்று அம்மாநாடு பொதுவிதி வகுத்தது. இந்தியாவிற்கோ 60 மணி என ஒதுக்கியது. அந்த வேற்றுமை நம் நாட்டுத் தொழிலாளர்க்கு நெடுநாள் சுமையாயிற்று.

பெருஞ்சோதனை

இனி, முன்னர்க் குறித்த பெருஞ்சோதனைக்கு வருவோம். உருசியப் புரட்சிக்குப்பின் அமெரிக்காவில் அந்நியரைப் பற்றிய அச்சம் பரவியது. அரசாங்கத்தைக் கவிழ்க்கும் கொள்கையுடைய சங்கத்திற் சேர்ந்த அந்நியரை நாடு கடத்தலாம் என்பது 1918-ஆம் ஆண்டுச் சட்டம். பிடிப்பவர் நீதித்துறையார், தலைவர் பாமர் என்பவர். ஆனால் நாடு கடத்தும் ஆணை தொழிலாளர் அமைச்சரின் கையொப்பமின்றிச் செல்லாது. 1919 டிசம்பர் 21-ஆம் நாள் 249 பேர் ப்யூஃபர்ட் என்னும் கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்டனர். 1920 ஜனவரி 2-ஆம் நாள் இரவு, முப்பதிற்கு மேற்பட்ட நகரங்களில் ஆயிரக்கணக்கானோர் சிறைப்பட்டனர். அவருட் பலர் ஆங்கிலமும் நன்கறியாத கூலியாளர்.

பிடிபட்டவர்க்கு விசாரணையின் தொடக்கத்திலேயே வழக்கறிஞர் துணை உண்டு என்னும் விதி, அமைச்சர் நோயுற்றிருந்த சமயத்தில் மாற்றப்பட்டிருந்தது. வில்ஸன் அதனை அம்மாதத்திலேயே பழையபடி நிலைநாட்டினார். எனினும், கம்யூனிஸ்டுக் கட்சியில் உறுப்பினராதல் ஒன்றே நாடு கடத்தற்குப் போதும் என அவரே ஜனவரி 24-ஆம் நாள் தீர்ப்பளித்தார். அத்தீர்ப்பு, கட்சியின் கோட்பாட்டைத் தாமும் அறியாது சீட்டில் பெயர் எழுதிய எளியாரையும் தாக்கியது. சட்டத்தின் சொல் அங்ஙனம் இருந்தது என அவர்க்காகச் சொல்லலாம். ஆயினும் பிளாண்டையர்த் தெருவில் நின்ற சிறுவர் அத்தீர்ப்பில் இல்லை என்றே யாம் கருதுகின்றோம்.

பின்னர், மார்ச்சு மாதத்தில், வில்ஸன் அலுவலகம் வரவியலாதிருந்தபோது துணை அமைச்சர் லூயி போஸ்ட் என்பார் பொறுப்பேற்றார். எழுபதாண்டு கடந்த அம்முதியவர், ஒவ்வொரு மனிதன் வழக்கையும் தனித்தனி எடுத்துப் படித்தார். தக்க சான்றின்றிப் பிடிக்கப்பட்ட ஆயிரத்திற்கும் மேற்பட்டார் மேலிருந்த ஆணைகளை நீக்கினார். பாமர் சினந்தார், பேரவையில் சிலர் போஸ்டைப் பதவியினின்று நீக்க முயன்றனர். ஏப்ரல் மாதம் நடந்த அமைச்சவைக் கூட்டத்தில், போஸ்டை விலக்க வேண்டும் எனப் பாமர் வற்புறுத்தினார். அப்பொழுது வில்ஸன் தம் துணைவரைக் கைவிட்டாரல்லர். அவர் செய்தது முறையே எனத் தாங்கி நின்றார். மே மாதத்தில், கம்யூனிஸ்டுத் தொழிற்கட்சி என்னும் மற்றொரு கட்சியின் உறுப்பினரை அக்காரணம் ஒன்றேபற்றிக் கடத்தலாகாது எனத் தாமே தீர்ப்பளித்தார். போஸ்டும் விசாரணையில் வென்றார். புயல் தணிந்தது.

இவ்விரண்டு தீர்ப்பையும் ஒருங்கு வைத்து நோக்குதல் வேண்டும். பெரியோரைப் புகழுங்கால் அவர்தம் குறையை மறைத்தல் புகழாகாது. குறை காணுங்கால் குணத்தை மறத்தலும் நீதியாகாது. பதவி அவர் நினைவைச் சற்று மறைத்தது. மறைத்ததை அவரே விலக்கினார். தமக்குக் கீழ்ப்பட்ட ஒருவர் தம்மினும் துணிந்து அறஞ்செய்தபொழுது, பொறாமை கொள்ளாது அவர்க்குத் தோள் கொடுத்தார். பதவியிலிருப்பார்க்கு இஃது அரிய பண்பு.

இறுதி நாட்கள்

1921 மார்ச்சு மாதம் வில்ஸன் பதவி நீங்கினார். எட்டாண்டுகள் அமைச்சராயிருந்தவர் பண்ணைக்கே திரும்பினார். 1926-இல் பென்ஸில்வேனியாவினின்று மேற்சபைக்கு நின்று தோற்றார். வென்ற வேர் என்பார் தேர்தலில் முறைகேடாகப் பெரும்பணம் செலவிட்டாரென்று மேற்சபையே அவரை 1929-இல் ஏற்க மறுத்தது. ஆயினும் அவ்விடம் வில்ஸனுக்குக் கிடைக்கவில்லை. 1934-ஆம் ஆண்டு மே மாதம் 25-ஆம் நாள், ஜார்ஜியா மாகாணத்துச் சவன்னா நகரின் அருகே, புகைவண்டியிற் செல்லும்போதே அவர் உயிர் நீத்தார். இளமையில் எந்த வண்டிப் பொறிக்குத் தீமூட்டிப் பிழைத்தாரோ, அத்தகைய வண்டியிலேயே அவர் பயணம் முடிந்தது. பிளாஸ்பர்க்கின் அருகே அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. அவர் தொடங்கிய உடன்பாட்டு அலுவலகம் 1947-இல் தனி நிறுவனமாக வளர்ந்தது.

அன்பர்களே! இவ்வரலாற்றைப் படிக்கும் நம் குடும்பத்துப் பிள்ளைகளுள் சிலர் நாளைப் பெரும்பதவிகளில் அமர்வர். அவர்தம் மேசைக்கு ஏழையொருவரின் மனு வரும். அதனைப் பெயரும் எண்ணும் எழுதிய தாளாகக் காண்டல் எளிது. அதன் பின்னே தெருவில் நிற்கும் ஒரு குடும்பத்தைக் காண்டல் அரிது. வில்ஸன் ஒருகால் காணத் தவறி, மறுகால் கண்டார். முன்னோர் பட்ட இடர்களை இல்லந்தோறும் பெற்றோர் பிள்ளைகட்குச் சொல்லி வருதல் வேண்டும். உயர்ந்த காலத்தே அந்நினைவே அவர்க்குக் கண்ணாகும்.